தண்டையார்பேட்டை மாவு வியாபாரியின் சைக்கிளுக்கு மோட்டார் கிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, மளிகைக் கடைகளுக்கும் டிபன் கடைகளுக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஒருவர். வயது ஐம்பதை ஒட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் காசிமேடு பக்கம் சில கடைகள், பழைய வண்ணாரப்பேட்டை, மின்ட், பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறி வியாசர்பாடி, திரும்பி வீடு என்று சுமார் 16 கிலோமீட்டர். கிளம்பும்போது கேரியரில் 28 கிலோ மாவு இருக்கும். வியாசர்பாடி ஏறும்போதும் அதில் பாதிக்கு மேல் மிச்சம். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி வண்டி வாங்கலாம் என்று யோசனை வந்தது. ஆனால் அவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை, எடுக்கவும் விருப்பமில்லை. வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் கடை வாசல்வரை போய் நிற்க சைக்கிள்தான் தோது என்பது அவர் கணக்கு. கல்லூரியில் படிக்கும் மகள், இருக்கிற சைக்கிளிலேயே மோட்டார் கிட் பொருத்திவிடலாம் என்று ஆன்லைனில் தேட ஆரம்பித்தார். கையில் இருந்த தொகை 25,000 ரூபாய்.

முதல் ஆர்டர்

மகள் பார்த்த பட்டியல்களில் பெரிய எழுத்தில் இருந்தவை மூன்று விஷயங்கள்: எத்தனை வாட், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர். சைக்கிள் 28 இஞ்ச் என்பது அவருக்குத் தெரியும். "28 இஞ்ச் பின் சக்கர ஹப் மோட்டார் கிட், 36 வோல்ட், 250 வாட்" என்று போட்டிருந்த ஒன்றை 11,500 ரூபாய்க்கு ஆர்டர் செய்தார். நடு அச்சில் (ஹப்) மோட்டார் கோத்த சக்கரம், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், கையால் திருகும் த்ராட்டில், மிதிப்பதை உணரும் பெடல் சென்சார், இரண்டு பிரேக் லீவர், டிஸ்ப்ளே எல்லாம் அதில் அடக்கம். பேட்டரி தனி.

பெட்டி வந்ததும் தெருமுனை சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பழைய டயரை அதன்மேல் வைத்துப் பார்த்தார். டயர் ரிம்மைச் சுற்றி வளையல்போல ஆடியது. "அண்ணே, இது அந்த 28 இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரி. நம் ஊரில் காலங்காலமாக ஓடும் கறுப்பு நிற, ராடு பிரேக் சைக்கிளின் டயர் 28 × 1½. அதன் ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். கிட் விற்பவர்கள் 28 இஞ்ச் என்று சொல்வது பெரும்பாலும் 700சி எனப்படும் அளவு. அதன் விட்டம் 622. வித்தியாசம் 13 மில்லிமீட்டர். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. டயர் பக்கவாட்டில் "40-635" அல்லது "37-622" என்பதுபோல அச்சிட்ட எண் இருந்தால், கோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கம்தான் ஆர்டர் போடும்போது பார்க்க வேண்டியது. இஞ்ச் கணக்கை நம்பவே கூடாது.

சைக்கிளை அளந்தபோது

டயர் மட்டும்தான் சிக்கல் என்றால் புது டயர் போட்டு முடித்திருக்கலாம். கடைக்காரர் ஸ்கேலும் வெர்னியரும் எடுத்து உட்கார்ந்தபோது மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பின் சக்கர ஆக்சில் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள் அகலம் 112 மி.மீ. கிட்டில் வந்த ஹப்புக்குத் தேவை 135. இரும்புச் சட்டத்தைக் கொஞ்சம் விரிக்கலாம், 23 மி.மீ. விரிப்பது சட்டத்தின் பின்பகுதியையே கோணலாக்கும் வேலை.

பழைய ரிம்மிலேயே மோட்டாரைக் கோத்துவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி. இந்த வகைச் சைக்கிளின் பின் ரிம்மில் 40 துளை, முன் ரிம்மில் 32. ஹப் மோட்டாரில் 36. முன்னாலும் சேராது, பின்னாலும் சேராது. துளை விட்டுவிட்டுக் கோக்கிற வித்தை தெரிந்தவர்கள் உண்டு. 28 கிலோ சுமை ஏற்றும் சக்கரத்தில் அதைச் செய்யக் கடைக்காரர் மறுத்துவிட்டார். அது சரியான மறுப்பு.

பிரேக் இன்னொன்று. ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தில், மேல்நோக்கி அழுத்துபவை. அதற்காகவே அந்த ரிம் உட்புறம் தட்டையாக வார்க்கப்பட்டிருக்கும். கிட்டின் அலுமினிய ரிம் உட்புறம் கூம்பிப் போயிருந்தது. கட்டை உட்கார இடமில்லை. கிட்டில் வந்த பிரேக் லீவர்களோ கேபிள் இழுப்பவை, ராடோடு சேராதவை. அந்த லீவருக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் பிரேக் பிடித்த கணத்தில் மோட்டாரை நிறுத்துவது. அது இல்லாமல் ஓட்டினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்க மோட்டார் மறுபக்கம் தள்ளும்.

கடைசியாகப் பெடல். இந்தச் சைக்கிளில் பெடல் கை, காட்டர் பின் என்ற ஆப்பு அடித்து நிற்பது. கிட்டின் பெடல் சென்சாரில் உள்ள 12 காந்த வளையம், சதுர முனை அச்சுக்கு வார்த்தது. இரண்டாகப் பிளந்து மாட்டும் வளையம் தனியாகக் கிடைக்கிறது என்பதால் இது ஒன்றுதான் சமாளிக்கக்கூடிய குறை.

பட்டியலில் இந்த நான்கு அளவுகளில் எதுவும் இல்லை. விற்பனையாளரிடம் சாட்டில் கேட்டபோது "எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்" என்றே பதில் வந்திருந்தது. அந்த வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், பெட்டி பிரித்தபோது மகள் எடுத்த வீடியோவும் இருந்ததால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஏழு நாள் கெடு. ஆறாம் நாள் கூரியரில் போட்டது. அந்த 640 ரூபாய் செலவு இவர்களுடையது.

மூன்று வழிகள்

இரண்டாவது முறை தேடும்போது முடிவு செய்ய வேண்டியது, எந்த கிட் என்பதல்ல, எந்தச் சைக்கிள் என்பது. வழிகள் மூன்று இருந்தன.

ஒன்று, பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் மாட்டும் 24 வோல்ட் செயின் மோட்டார். எம்.ஒய். 1016 வரிசை என்று விற்கும் பிரஷ் வைத்த மோட்டார்கள் இவை. மலிவு, ஊரெங்கும் உதிரிபாகம் கிடைக்கும், மேடு நன்றாக ஏறும். ஆனால் இடதுபுறம் இன்னொரு செயின் திறந்தபடி ஓடும். காசிமேட்டில் காலையில் ரோட்டில் வழியும் மீன் தண்ணீர் உப்புத் தண்ணீர். சாதாரண செயினையே ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். சத்தமும் உண்டு. தவிர, ராடு பிரேக் அப்படியே இருக்கும். 120 கிலோவுக்கு மேல் எடையை மோட்டார் வேகத்தில் ஓட்டிவிட்டு, மழையில் நனைந்த குரோம் ரிம்மில் ராடு பிரேக்கை நம்ப முடியாது. இந்த வழியை விட்டதற்கு முதல் காரணம் பிரேக்தான்.

இரண்டு, ரெடிமேட் மின் சைக்கிள். 35,000 ரூபாய்க்குள் இவர்கள் பார்த்தவற்றில் பேட்டரி அடக்கும் மின்சாரம் 300 வாட்-மணிக்குக் கீழே. கனமான கேரியர் மாட்ட சட்டத்தில் திருகு இடமும் இல்லை.

மூன்றாவது, கிட்டுக்கு ஏற்ற பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி அதில் பொருத்துவது. இதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாங்கியது 26 இஞ்ச், 559 மி.மீ. ரிம், கியர் இல்லாத, இரும்புச் சட்டமும் ஸ்பிரிங் இல்லாத இரும்பு முன் ஃபோர்க்கும் கொண்ட சைக்கிள். கேபிள் இழுக்கும் வி-பிரேக், சதுர முனைப் பெடல் அச்சு. 3,200 ரூபாய். பின் காதுகளின் உள் அகலம் 128 மி.மீ.; ஏழு மி.மீ. விரிப்பது இரும்புச் சட்டத்துக்குப் பெரிய காரியமில்லை. அலுமினியச் சட்டம் என்றால் இந்தப் பேச்சே கிடையாது. அதை விரித்தால் வெல்டு விடும்.

முன் சக்கர மோட்டார் பொருத்துவது சுலபம், வயரிங்கும் குறைவு. இருந்தும் பின் சக்கரத்தையே எடுத்தார்கள். சுமை முழுக்கப் பின் கேரியரில் இருக்கும்போது மேம்பாலத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும். மணலும் ஈரமும் உள்ள இடத்தில் முன் மோட்டார் சுழன்று வழுக்கும்.

கிட் பட்டியல்களில் இந்த முறை மகள் தேடியது மோட்டாரின் சுழற்சி எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) என்பதை. ஒரே 36 வோல்ட் 250 வாட் கியர் ஹப் மோட்டார், 250 ஆர்.பி.எம். என்றும் 328 ஆர்.பி.எம். என்றும் இரண்டு விதமாக விற்றது. 26 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். 328 என்றால் சுமையில்லாமல் மணிக்கு 40 கி.மீ. சுற்றும், 250 என்றால் 31. பட்டியலில் முதலாவதுதான் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒரே ஆம்பியருக்கு, மெதுவாகச் சுற்றும்படி சுருள் சுற்றிய மோட்டார்தான் அதிக இழுவை தரும். மேட்டில் வேகம் குறையும்போது சூடாகாமல் தாங்குவதும் அதுதான். 250 ஆர்.பி.எம். எடுத்தார்கள்.

மேம்பாலக் கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். ஆள் 68 கிலோ, சைக்கிளும் மோட்டாரும் பேட்டரியும் 26, முழுச் சுமை 28; ஆக 122. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போக, உருளும் தடையையும் சேர்த்துச் சுமார் 165 முதல் 170 வாட் சக்கரத்தில் வேண்டும். 250 வாட் மோட்டார் அதைத் தாங்கும், ஆள் லேசாகப் பெடல் மிதித்தால் 12, 13 கி.மீ. வேகமும் வரும். 25 கி.மீ. வேகத்தில் மேம்பாலம் ஏறும் என்று எந்தப் பட்டியலாவது சொன்னால், இந்த எடைக்கு அது நடக்காத காரியம்.

350 வாட், 500 வாட் கிட்டுகள் இரண்டாயிரம் கூடுதலில் கிடைத்தன. வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் விதி 2(யு) படி, 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால்தான் பேட்டரி வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராமல் இருக்கும்; அதற்கும் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது விதி. வீட்டில் பொருத்தும் கிட்டுக்கு அந்த ஒப்புதல் தாள் தனியாக வருவதில்லை. எனவே வரம்பை ஒட்டி வைப்பது குறைந்தபட்சம் செய்யக்கூடியது; அது சான்றிதழுக்கு ஈடாகாது. உரிமமில்லாத ஒருவருக்கு அதைத் தாண்டுவது விபத்து நேரத்தில் பெரிய வம்பு.

பேட்டரி: தராசு சொன்னது

தேவை எவ்வளவு என்று முதலில் கணக்கு. சுமையோடு, கொஞ்சம் பெடல், கொஞ்சம் த்ராட்டில் என்று ஓட்டினால் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி வைக்கலாம். 16 கி.மீ.க்கு 192. பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் வடிக்காமல் வைக்க 240. வயதாகக் கொள்ளளவு குறையும் என்பதற்குக் கால் பங்கு சேர்த்தால் 300. ஆக 36 வோல்ட்டில் 8.3 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வேண்டும். கடைப் பேச்சில் ஏ.எச்.

ஆன்லைனில் "36 வோல்ட் 10.4 ஏ.எச்., 45 கி.மீ." என்று 9,800 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. 18650 என்ற விரல் அளவு லித்தியம் செல், பத்து வரிசை, வரிசைக்கு நான்கு. வாங்கினார்கள். பெட்டி பிரிக்கும்போது மகள் அதை மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்து வீடியோ எடுத்தார்: 1.9 கிலோ.

அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது. ஒரு 18650 செல் சுமார் 46 கிராம். நாற்பது செல் என்றால் செல் மட்டுமே 1.84 கிலோ. மேலே பிளாஸ்டிக் கூடு, நிக்கல் பட்டை, அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் பி.எம்.எஸ். போர்டு, வயர் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவாவது வரும். 2.3-க்குக் கீழே இருக்க வழியில்லை. 1.9 கிலோவில் முப்பது செல்தான் அடங்கும், 2.6 ஏ.எச். செல் மூன்று வீதம் என்றால் 7.8 ஏ.எச்.

தராசை மட்டும் வைத்துப் பணம் கேட்டால் விற்பவர் வாதாடுவார் என்பதால் வடித்தும் பார்த்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய வாட் மீட்டரை நடுவில் போட்டு, 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு மூன்றைத் தொடராக இணைத்து, மொட்டை மாடி நிழலில், ஆள் பக்கத்தில் இருக்க எரியவிட்டார்கள். 4.7 ஆம்பியர் அளவில் ஒன்றரை மணி நேரத்தில் பி.எம்.எஸ். அடைத்துக்கொண்டது. மீட்டரில் 7.1 ஏ.எச். தொடராகப் போடுவதில் ஒரு கவனம் வேண்டும்: மூன்றும் ஒரே வாட் பல்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னது முதலில் போய்விடும். பல்பு கண்ணாடியைக் கையால் தொடவும் கூடாது.

வீடியோவும் மீட்டர் படமும் அனுப்பியதும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணம் வர மூன்று வாரம் ஆனது.

அடுத்த பேட்டரியை மாதவரம் பக்கம் பேட்டரி பேக் கட்டித் தருபவரிடம் வாங்கினார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. 32700 அளவு, 6 ஏ.எச். செல், 12 வரிசை, வரிசைக்கு இரண்டு. பெயரளவில் 38.4 வோல்ட், 12 ஏ.எச்., 460 வாட்-மணி. எடை 4.3 கிலோ. சார்ஜரோடு 15,500 ரூபாய், பில்லும் ஒரு வருட உத்தரவாதமும். தேவையைப்போல் ஒன்றரை மடங்கு. ஆனாலும் சென்னை வெயிலில், குறுகலான வீட்டுக்குள் சார்ஜ் போடும் ஒருவருக்கு எல்.எஃப்.பி.யின் கூடுதல் எடை ஒரு பொருட்டே அல்ல. சூட்டைத் தாங்குவதிலும், எத்தனை முறை சார்ஜ் போடலாம் என்பதிலும் அது மேல். செல்கள் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தரப் பதிவு உள்ளவையா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கினார்கள்.

சார்ஜரைச் சொருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்தது வீண்போகவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டு வரிசை எல்.எஃப்.பி.க்கு முழு சார்ஜ் 43.8 வோல்ட். பத்து வரிசை சாதாரண லித்தியத்துக்கு 42. இரண்டு சார்ஜரின் பிளக்கும் ஒரே மாதிரி, பெட்டியும் ஒரே கறுப்பு. 43.8 சார்ஜரைப் பழைய பேட்டரியில் மாட்டியிருந்தால் செல்லுக்கு 4.38 வோல்ட் ஏறப் பார்க்கும். நடுவில் நிற்பது மலிவான பி.எம்.எஸ். ஒன்று மட்டுமே. பழையது திரும்பிப் போகும்வரை இரண்டு சார்ஜர்களையும் வேறு வேறு அறையில் வைத்திருந்தார்கள்.

பொருத்தியது

சட்டத்தை விரிக்க 10 மி.மீ. மரைக்கம்பி ஒன்றும் நட்டும் வாஷரும் போதும். இரும்பு விட்டதும் பின்வாங்கும் என்பதால் வேண்டிய அகலத்தைத் தாண்டித் திறந்து, தளர்த்தி, அளந்து, மறுபடி என்று மெல்லச் செய்ய வேண்டும். முடிந்ததும் ஹேண்டில்பார் குழாயிலிருந்து இரண்டு காதுகளுக்கும் நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரு புறமும் இடைவெளி ஒன்றா என்று பார்த்தார் கடைக்காரர். இடதுபுறம் இரண்டு மி.மீ. கூடுதலாக வந்தது, அந்தப் பக்கம் மட்டும் கையால் அழுத்திச் சரிசெய்தார்.

மோட்டார் ஆக்சில் உருண்டையாக இருக்காது. இரு புறமும் 10 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகச் சீவியிருக்கும். காதின் வெட்டும் அதே அளவு என்றாலும் உள்ளே பூசிய பெயின்ட் தடுத்தது. பெயின்டை மட்டும் அரம் போட்டு எடுத்தார், இரும்பைத் தொடவில்லை. வெட்டு பெரிதானால் மோட்டார் இழுக்கும்போதெல்லாம் ஆக்சில் முன்னும் பின்னும் திருகி, நட்டு தளர்ந்து, ஒருநாள் ஆக்சிலே சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். 250 வாட் மோட்டாருக்கே இது நடக்கிறது. அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்ற இரும்புத் தகடு ஒன்று, விலை 350 ரூபாய். கிட்டில் அது வரவில்லை. தனியாக வாங்கி, இடதுபுறம் ஆக்சிலில் மாட்டி, மறுமுனையைச் சட்டத்துக் குழாயில் கிளாம்பு போட்டு இறுக்கினார்கள்.

செயின் நேர்கோட்டில் வரவில்லை. ஹப்பின் மரை ஏழு கியர் ஃப்ரீவீலுக்கு (செயின் ஓடும் பின் பல்சக்கரம்) இடம் விட்டு வார்த்தது. ஒற்றை ஃப்ரீவீல் போட்டதும் 8 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்தது. அடியில் 3 மி.மீ. வளையம் ஒன்றும், பெடல் அச்சைக் கொஞ்சம் குட்டையானதாக மாற்றியும் சரியாயிற்று. கியர் இல்லாத சைக்கிளில் கிட் போடும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும். பட்டியல் எதிலும் இருக்காது.

பேட்டரியின் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். வயர் 2.5 சதுர மி.மீ. கன்ட்ரோலரைக் குறுக்குக் குழாய்க்கு அடியில் பையில் வைத்தார்கள், வயர் வெளிவரும் முகம் கீழ்நோக்கி இருக்க. மோட்டார் வயர் ஆக்சிலிலிருந்து நேராக மேலே போகாமல், முதலில் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு ஏறும். மழைத் தண்ணீர் வயர் வழியே வழிந்து மோட்டாருக்குள் போகாமல், வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கனெக்டர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கான் கிரீஸ்.

டிஸ்ப்ளேயில் சக்கர அளவு 26, வேக வரம்பு 25. பெடல் உதவியில் ஐந்து நிலை. சந்துக்குள் முதல் நிலை மட்டும் என்று பழக்கினார்கள். பெடல் சென்சார் கால் சுற்று மிதித்த பிறகுதான் மோட்டாரை எழுப்பும், எழுப்பினால் சட்டென்று தள்ளும். எம்.சி. ரோடு நெரிசலில் உயர்ந்த நிலையில் வைத்திருந்தால் முன்னால் போகிறவர் முதுகில்தான் போய் நிற்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு

ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது. வாட் மீட்டர்படி ஒரு முழுச் சுற்றுக்கு 160 முதல் 170 வாட்-மணி. கிலோமீட்டருக்குப் பத்துக்குச் சற்று மேல். சார்ஜர் இழப்பையும் சேர்த்தால் நாளுக்கு 0.2 யூனிட், மாதத்துக்கு ஐந்து யூனிட் மின்சாரம். மேம்பாலத்தில் இறங்குவது நின்றது. எட்டரைக்கு வீடு திரும்பியவர் ஏழே முக்காலுக்குத் திரும்புகிறார். முழங்கால் வலி போய்விடவில்லை. மாலையில் வீங்குவது குறைந்திருக்கிறது என்கிறார்.

இரண்டாவது வாரத்தில் பின் சக்கரம் ஆடியது. புதிதாகக் கோத்த மோட்டார் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் உட்கார்ந்து தளர்வது வழக்கம். சுமை வண்டியில் சீக்கிரம் நடக்கும். கடைக்காரர் எல்லாக் கம்பியையும் மறுபடி இறுக்கினார். அதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் செயின் பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும்.

பேட்டரி அளவு காட்டும் கட்டங்களை அவர் ஆரம்பத்தில் நம்பினார். டிஸ்ப்ளே பத்து வரிசை சாதாரண லித்தியத்துக்கு அமைத்தது. எல்.எஃப்.பி.யோ பெரும்பகுதி நேரம் ஒரே வோல்ட்டில் நின்று, கடைசியில் பொத்தென்று விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்கு எண்ணூர்வரை போய்வந்து, இடையில் சார்ஜ் போடாமல் திங்கள் காலைச் சுற்றையும் ஓட்டியபோது, பாதிக் கட்டம் காட்டிக்கொண்டே இருந்து திரும்பும் வழியில் நின்றுவிட்டது. அதன்பிறகு கட்டத்தைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டரைப் பார்க்கிறார்.

அக்டோபர் கடைசியில், மழை தொடங்கிய பிறகு, ஒருநாள் மோட்டார் அடியோடு வேலை செய்யவில்லை. டிஸ்ப்ளே எரிகிறது, பேட்டரி முழுசாக இருக்கிறது, த்ராட்டில் திருகினால் ஒன்றுமில்லை. மோட்டார் போய்விட்டது என்று பயந்தார்கள். கடைக்காரர் இரண்டு பிரேக் லீவர்களின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடது லீவருடையதைக் கழற்றியதும் சக்கரம் சுற்றியது. லீவருக்குள் இருக்கும் ஸ்விட்ச் உப்பேறி அழுத்தியபடியே ஒட்டிக்கொண்டதால், பிரேக் பிடித்திருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருந்தது. லீவர் மாற்ற 280 ரூபாய். திடீரென்று நிற்கும் கிட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். செலவு வைக்கும் சோதனைகள் எல்லாம் அப்புறம்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாட்களில் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு. மோட்டார் மேலே விழும் மழையைத் தாங்கும். ஆக்சில் மூழ்கும் தண்ணீரைத் தாங்காது. சூடான மோட்டார் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது, வயர் நுழையும் துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சார்ஜ் போடும் இடமும் மாறியது. முதலில் மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள். அந்த வீட்டுக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தப் படி. இப்போது திண்ணையில், சிமென்ட் தரையில், பகல் நேரத்தில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் அரை மணி நேரம் விட்டுப் போடுகிறார்கள். மாவு அரைக்கும் அறையில் பிளக் பாயின்ட் வசதியாக இருந்தும், எப்போதும் ஈரம் என்பதால் அங்கே வேண்டாம் என்று விட்டது நல்லது.

செலவு, மறுபடி செய்தால்

இரண்டாவது கிட்டும் 11,500. பேட்டரியும் சார்ஜரும் 15,500. பழைய சைக்கிள் 3,200. டயர், கேரியர், பிரேக் கட்டை, டார்க் ஆர்ம், வாட் மீட்டர், சில்லறை 2,900. கடைக்காரர் கூலி 1,500. திருப்பி அனுப்பிய 640. ஆக 35,240 ரூபாய். நினைத்ததைவிடப் பத்தாயிரம் கூடுதல். மிச்சத் தொகை மகளிர் குழுக் கடன்.

பணம் கட்டும் முன் சைக்கிளை அளந்திருந்தால் இரண்டு மாதமும் ஒரு கூரியர் கட்டணமும் மிஞ்சியிருக்கும். டயரின் மூன்று இலக்கம், காதுகளின் உள் அகலம், ரிம் துளை எண்ணிக்கை, பிரேக் வகை, பெடல் கை காட்டரா சதுரமா: இந்த ஐந்தையும் விற்பவரிடம் எழுதி அனுப்பி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஆர்டர் போட வேண்டும். பதிலில் எண் இல்லாமல் "பொருந்தும்" மட்டும் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

பேட்டரியை ஆன்லைனில் வாங்கியது தவிர்த்திருக்க வேண்டியது. மோட்டார் கெட்டால் வண்டி நிற்கும். பேட்டரி கெட்டால் வீடு பற்றும். கண்ணெதிரே எடை போட்டு, வடித்துக் காட்டி, பில் தரும் ஆளிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்குவதே முறை. மாறாக, கிட்டை ஆன்லைனில் வாங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பொருள் கடையில் மூவாயிரம் கூடுதல் சொன்னார்கள்.

டிஸ்ப்ளேயையும் எல்.எஃப்.பி.க்கு அமைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கலாம், இல்லாவிட்டால் வோல்ட்டை எண்ணாகக் காட்டுவது. மேம்பாலம் ஏறும்போது 36-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கடைசிப் பகுதியில் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மூன்று பல்பையும் வாட் மீட்டரையும் வைத்துப் பேட்டரியை வடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. இப்போதைய சுற்றுக்கு 165 வாட்-மணி போதும் என்பதால், 12 ஏ.எச். படிப்படியாக ஆறுக்கு இறங்கும்வரை கணக்குப்படி ஓட்டலாம். ஆனால் வயதான பேட்டரி மேம்பாலத்தில் முழு ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட் சரிந்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். ஆகவே எட்டு ஏ.எச். காட்டும் சோதனையோடு அதை மாற்றிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.